கதவைத் திறந்த கை

மேடைகளுக்குக் குறைவில்லாத உலகம் இது. பேசுவோருக்கும் பஞ்சமில்லை, எழுதுவோருக்கும் பஞ்சமில்லை. அன்பு பற்றி அழகாகப் பேசுகிறார்கள். அருள் பற்றி அடுக்கடுக்காகப் பேசுகிறார்கள். கேட்போர் கைதட்டுகிறார்கள். கூட்டம் கலைகிறது. பேசியவர் ஒரு பக்கம் போகிறார், பேச்சு ஒரு பக்கம் போகிறது!

ஆனால் ஒரு சிலர் பேசிய பேச்சு அப்படிப் போய்விடுவதில்லை. ஊர் விட்டு ஊர் செல்கிறது. நாடு விட்டு நாடு தாவுகிறது. பேசியவர் மறைந்த பிறகும் கேட்டவர் உள்ளத்திலே உட்கார்ந்துகொண்டு உறுத்துகிறது. காரணம் என்ன? நாவன்மையா? நடை அழகா? அல்ல, தோழர்களே, அல்ல! அந்தப் பேச்சுக்கு உரிய விலையை அவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். ரத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள், கண்ணீராகக் கொடுத்திருக்கிறார்கள், பெற்ற தந்தையை, உடன்பிறந்த தமக்கையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி விலை கொடுத்துவிட்டுப் பேசவந்த ஒரு மூதாட்டியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பெயர் கொரி டென் பூம். நாடு ஹாலந்து. சமயம் கிறித்துவம். தொழிலோ கடிகாரம் பழுது பார்ப்பது!

ஆம், கடிகாரம் பழுது பார்ப்பதுதான். பட்டம் பெற்ற பேரறிஞர் அல்லர் அவர். பட்டாளம் நடத்திய படைத்தலைவியும் அல்லர். ஆம்ஸ்டர்டாம் நகருக்கு மேற்கே, இருபது கிலோமீட்டர் தொலைவிலே, ஹார்லெம் என்றோர் ஊர். அங்கே ஒரு குறுகிய தெருவிலே, கோணல்மாணலான பழைய வீடு. கீழே கடிகாரக் கடை, மேலே குடியிருப்பு. 1837-ஆம் ஆண்டு அவருடைய பாட்டனார் திறந்த கடை அது. பாட்டனாருக்குப் பின் தந்தையார் காஸ்பர். தந்தைக்குத் துணையாக மகள் கொரி. 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பிறந்த அவர், 1922-ஆம் ஆண்டு, கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற முதல் டச்சுப் பெண்மணியானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மூத்தவர் பெட்சி வீட்டைக் கவனித்துக்கொள்வார். இளையவர் கொரி கடையைக் கவனித்துக்கொள்வார். தந்தையாரோ, திங்கள்தோறும் ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் சென்று, கடற்படை வானாய்வுக் கூடத்திலே சரியான நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து, தம் கடையின் கடிகாரத்தைத் திருத்திவைப்பார். ஒரு நொடி பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது. அத்தனை நேர்மை, நேரத்திலேகூட!

கொரி அம்மையாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்குப் புரியும் வகையிலே பாடம் சொல்லிக் கொடுப்பார். ஊரார் ஒதுக்கி வைத்த பிள்ளைகள்! பெற்றோரே வெளியில் காட்டக் கூசிய பிள்ளைகள்! அவர்களுக்கு ஒரு வகுப்பு, அவர்களுக்கு ஒரு வழிபாடு. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்படியே ஐம்பதாண்டுகள் ஓடிவிட்டன. வெளியுலகம் அறியாத வாழ்வு. வரலாறு எட்டிப் பார்க்காத வீடு.

வெறியன் வந்தான்

1940-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் அந்தச் சிறிய நாடு சரணடைந்தது. அரசியார் இங்கிலாந்து சென்றுவிட்டார். தெருவெல்லாம் அயலான் பூட்ஸ் ஒலி!

அன்று ஹாலந்திலே ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் இருந்தனர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலே வாழ்ந்தவர்கள். கடை வைத்திருந்தவர்கள், கல்வி புகட்டியவர்கள், பக்கத்து வீட்டிலே பண்டம் மாற்றிக்கொண்டவர்கள். திடீரென்று ஒரு நாள் அவர்கள் மனிதர்களில் சேர்த்தியில்லை என்றாகிவிட்டது! எப்படி ஆயிற்று? ஒரே நாளிலா? இல்லை. கொடுமை எப்போதுமே தவணை முறையில்தான் வரும். முதலில் அரசு வேலை பறிபோயிற்று. பிறகு பூங்காவிலே நுழையாதே என்றான். உணவு விடுதியிலே உட்காராதே என்றான். அடையாளச் சீட்டிலே எழுத்துக் குத்தினான். 1942 மே மாதம், மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையிலே தைத்துக்கொண்டுதான் நடமாடவேண்டும் என்றான். அதே ஆண்டு ஜூலையிலே ரயில் வண்டிகள் புறப்படத் தொடங்கின, கிழக்கு நோக்கி! ஆண், பெண், கிழவர், கைக்குழந்தை என்ற வேறுபாடின்றி ஏற்றி அனுப்பினான். போன வண்டி திரும்பி வந்தது, போனவர் வரவில்லை. ஏறத்தாழ 1,02,000 பேர் கொல்லப்பட்டனர். நூற்றுக்கு எழுபதுக்கு மேல்!

டச்சு மக்கள் எல்லோரும் வாய்மூடிக் கிடந்தார்களா? இல்லை. 1941 பிப்ரவரியிலே, ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள், யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். டிராம் வண்டிகள் நின்றன. கப்பல் துறையிலே வேலை நின்றது. துப்பாக்கி கொண்டு அதை அடக்கினான் ஆதிக்கக்காரன். அதற்குப் பிறகு அச்சம் ஆட்சி செய்தது. அச்சம் ஆளும் நாட்டிலே, நல்லவர்கள்கூட சன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். நமக்கென்ன என்பது ஊமை மொழி. ஆனால் கொடுங்கோலனுக்கு அந்த மொழி நன்றாகப் புரியும்!

கதவு திறந்தது

1942 மே மாதத்திலே ஒரு மாலை. கடிகாரக் கடை வீட்டின் கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெண், கையிலே பெட்டி. கணவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகன் தலைமறைவாகிவிட்டான். நான் யூதப் பெண், எனக்கு இடம் தருவீர்களா என்று கேட்டாள்.

தோழர்களே, அந்த வீட்டுக்கு அரைத் தெரு தள்ளிக் காவல் நிலையம்! யூதரை ஒளித்து வைத்தால் சிறை என்பது ஊருக்கே தெரியும். வீட்டுத் தலைவருக்கோ எண்பது வயது கடந்துவிட்டது. பெட்சி நோயாளி. நாளை வா, யோசித்துச் சொல்கிறோம் என்றிருந்தால் யாரும் பழித்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த முதியவர் யோசிக்கவில்லை. உள்ளே வா அம்மா என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து இன்னும் இருவர் வந்தனர். பிறகு இன்னும் சிலர். ஒளிப்பதற்கு இடம் வேண்டும். அதைவிட முக்கியம், உண்பதற்கு உணவு வேண்டும். உணவோ பங்கீடு. அட்டை இல்லையேல் ரொட்டி இல்லை. யூதருக்கு அட்டை ஏது? கொரி அம்மையார் உணவு அலுவலகத்திலே பணியாற்றிய ஒருவரைத் தேடிச் சென்றார். எத்தனை அட்டை வேண்டும் என்று அவர் கேட்டார். ஐந்து என்று சொல்லத்தான் வாய் திறந்தாராம் அம்மையார். நூறு என்று வந்துவிட்டதாம்! அந்த அலுவலரும் மறுக்கவில்லை. தம் அலுவலகத்திலே தாமே ஒரு கொள்ளை நாடகம் நடத்தி, முகத்திலே காயத்தையும் வாங்கிக்கொண்டு, நூறு அட்டைகளைச் சேர்ப்பித்தார். ஏன்? அவருடைய மகள் அறிவு வளர்ச்சி குன்றியவள். கொரி அம்மையாரின் வகுப்பிலே படித்தவள். ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு என்றோ காட்டிய அன்பு, ஒதுக்கப்பட்ட நூறு பேருக்கு உணவாகத் திரும்பி வந்தது!

பிறகு மறைவிடம் அமைத்தார்கள். மேல்மாடியிலே கொரி அம்மையாரின் படுக்கையறை. அதன் கோடிச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். இரண்டுக்கும் இடையே ஒரு முழத்துக்குச் சற்றே அதிகமான அகலம். கைப்பெட்டிகளிலே செங்கல் வந்தது, செய்தித்தாளிலே சுருட்டிக் கருவிகள் வந்தன. புதுச் சுவருக்குப் பழஞ்சாயம் பூசி, நூறாண்டுச் சுவர்போல் காட்டினார்கள். துணி அலமாரியின் கீழ்த்தட்டிலே ஒரு பலகை. அதை நகர்த்தித் தவழ்ந்து உள்ளே போகவேண்டும். வீடெங்கும் மின்மணி. மணி ஒலித்தால், உண்பதை விட்டு, உறங்குவதை விட்டு, ஒரு நிமிட நேரத்திலே உள்ளே மறைந்துவிட வேண்டும். இதற்குப் பயிற்சி நடத்தினார்கள்! நள்ளிரவிலே மணி அடித்தால், படுத்திருந்தவர் மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும். ஏன் தெரியுமா? தடவிப் பார்ப்பவன் கையிலே சூடு படக்கூடாது. படுக்கையின் சூடுகூடக் காட்டிக் கொடுத்துவிடும்!

இந்த வீட்டின் வழியாகவும், அதன் தோழர்கள் அமைத்த வலைப்பின்னல் வழியாகவும் உயிர் தப்பியோர் எண்ணூறு பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஒரே வேதம், இரண்டு மனிதர்

அந்நாளிலே நடந்த ஒன்றைக் கொரி அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். கடிகாரம் பழுது பார்க்கவென்று வெளியூர்ப் போதகர் ஒருவர் கடைக்கு வந்தார். நாட்டுப்புறத்திலே நல்ல வீடு அவருக்கு. ஒரு யூதத் தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் இடம் தருவீர்களா என்று கேட்டார் அம்மையார். போதகர் தயங்கினார். குழந்தையைக் கொண்டுவந்தே காட்டினார் அம்மையார். ஒரு கணம் அவர் முகத்திலே இரக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த கணமே அச்சம் அதை விரட்டிவிட்டது. இந்தக் குழந்தைக்காக நாம் உயிரை இழக்க நேருமே என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அப்போது உள்ளே வந்தார் கிழவர் காஸ்பர். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தார். இதற்காக உயிர் போகுமென்றால், அதைவிடப் பெருமை என் குடும்பத்துக்கு வேறென்ன இருக்க முடியும் என்ற கருத்துப்பட மறுமொழி சொன்னார்.

எண்ணிப் பாருங்கள்! ஒருவர் போதகர், மற்றவர் கடைக்காரர். இருவருக்கும் வேதம் ஒன்று, கோயில் ஒன்று, கும்பிடும் தெய்வம் ஒன்று. ஒருவர் ஞாயிறுதோறும் படித்துக் காட்டினார்; ஒருவர் அன்று வாழ்ந்து காட்டினார். எந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறாய் என்பதல்ல கேள்வி. கதவு தட்டப்படும்போது என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நாவால் விடை சொல்ல முடியாது; கைதான் சொல்லவேண்டும்.

விலை

1944 பிப்ரவரி 28. கொரி அம்மையார் காய்ச்சலிலே கிடந்தார். யாரோ ஒருவன் வந்து, என் மனைவியைப் பிடித்துவிட்டார்கள், காவலருக்குக் கொடுக்க 600 கில்டர் வேண்டும் என்று கெஞ்சினான். இல்லை என்று சொல்லத் தெரியாத வீடல்லவா! ஏற்பாடு செய்தார். வந்தவனோ காட்டிக் கொடுப்பவன்! சற்று நேரத்திலே கெஸ்டாபோ புகுந்தது. அடித்தார்கள், உதைத்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், பலகையைப் பெயர்த்தார்கள். மறைவிடம் மட்டும் அகப்படவில்லை. ஆனால் வீட்டிலிருந்தோரும், தெரியாமல் வந்து சிக்கியோருமாக முப்பது பேர் வரை கைதாயினர்.

சுவருக்குப் பின்னே ஆறு பேர். நால்வர் யூதர், இருவர் எதிர்ப்பு இயக்கத்தினர். நீரின்றி, நிமிர இடமின்றி, இருமலையும் அடக்கிக்கொண்டு, ஏறத்தாழ 47 மணி நேரம்! வெளியே காவல். பிறகு நல்லெண்ணம் கொண்ட காவலர் சிலரின் துணையால் அறுவரும் வெளியேறினர். இந்தச் செய்தி தனிச்சிறையிலே கிடந்த கொரி அம்மையாருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? உறவினர் கடிதம் ஒன்று வந்தது. அதன் தபால்தலையை உரித்தெடுத்துப் பார்த்தார். அடியிலே நுணுக்கி எழுதியிருந்தது, அலமாரியிலிருந்த கடிகாரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று! அந்தத் தலைமறைவுக் கூட்டத்தார்க்குள்ளே கடிகாரம் என்றால் மனிதர் என்று பொருள்.

தந்தையாரின் தள்ளாத வயதைப் பார்த்து, இனி இத்தகைய செயலில் ஈடுபடமாட்டேன் என்று சொல். வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றானாம் அதிகாரி ஒருவன். இன்று என்னை அனுப்பினால், நாளைக்குக் கதவு தட்டுகிறவருக்கு மறுபடியும் திறப்பேன் என்று சொல்லிவிட்டார் முதியவர். பத்தே நாளில், மார்ச் 9-ஆம் நாள், சிறைப்பட்ட நிலையிலே அவர் உயிர் பிரிந்தது. வயது 84. மகள்கள் அருகில் இல்லை. பின்னர் கடிதம் வழியாகத்தான் அறிந்தனர்.

விசாரணைக்கு அழைத்தார்கள் கொரி அம்மையாரை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டான் ஜெர்மானிய அதிகாரி. அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்குப் பாடம் சொல்வதைப் பற்றிச் சொன்னார் அம்மையார். வீண் வேலை, அத்தகையவர் பலரைவிட அறிவுள்ள ஒருவன் மேல் அல்லவா என்றான் அவன். அப்படி அவன் கேட்டதிலே வியப்பில்லை. 1940, 41 ஆகிய இரண்டே ஆண்டுகளிலே, நாட்டுக்குப் பாரம் என்று சொல்லி, உடல் ஊனமுற்றோரும் உள நோயாளிகளுமாக 70,000-க்கும் மேற்பட்டவரை நச்சுப்புகையிட்டுக் கொன்ற ஆட்சி அல்லவா அவனுடையது! கைதிக் கோலத்திலே நின்ற அம்மையார் என்ன சொன்னார்? கடவுளின் பார்வையிலே அந்தப் பிள்ளை, கடிகாரக்காரியைவிடவும் மேலாக இருக்கலாம், ஓர் அதிகாரியைவிடவும் மேலாக இருக்கலாம் என்றார்! மேடையிலே நின்று சொன்ன சொல் அல்ல அது. உயிரை ஒரு கையெழுத்தால் பறிக்கக்கூடியவன் முன்னே நின்று சொன்ன சொல்.

ராவென்ஸ்புருக்

சிறைக்குப் பின் முகாம். முதலில் ஹாலந்திலேயே வுக்ட் என்ற இடம். பிறகு 1944 செப்டம்பரிலே, சரக்கு வண்டியிலே அடைத்து ஜெர்மனிக்கு. பெர்லினுக்கு வடக்கே ராவென்ஸ்புருக், பெண்களுக்கென்றே அமைக்கப்பட்ட வதை முகாம். 1939 முதல் 1945 வரை ஏறத்தாழ 1,20,000 பெண்களும் குழந்தைகளும் பதிவேட்டிலே ஏறிய பாழிடம். அங்கே பெயர் கிடையாது, எண்தான். 400 பேருக்கென்று கட்டிய கொட்டகையிலே 1,400 பேரை அடைத்ததாக அம்மையார் எழுதுகிறார். பலகைத் தட்டுகளிலே புழுங்கிய வைக்கோல். அதிலே தெள்ளுப்பூச்சிப் படை!

அந்தக் கொட்டகையிலே அக்காளும் தங்கையும் மறைத்துக் கொண்டுவந்த விவிலியத்தைப் படிப்பார்கள். டச்சு மொழியிலே படிப்பதை ஜெர்மன் மொழியிலே சொல்வார்கள். அதைக் கேட்டவள் பிரெஞ்சிலே சொல்வாள், இன்னொருத்தி போலந்து மொழியிலே, வேறொருத்தி ருசிய மொழியிலே. விளக்கு மங்கிய கொட்டகையிலே, வரிசை வரிசையாக மொழிகள் கிசுகிசுக்கும்! காவலர் ஏன் உள்ளே வந்து தடுக்கவில்லை? பிறகுதான் தெரிந்தது, தெள்ளுப்பூச்சிக்கு அஞ்சி அவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை என்று. இந்தப் பூச்சிக்காகவும் நன்றி சொல்லவேண்டும் என்று பெட்சி சொன்னபோது, அக்காளுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று எண்ணினாராம் கொரி!

ஒரு நாள், மண் வாரும் வேலையிலே பெட்சி சற்றே பின்தங்கினார். காவற்காரி சவுக்கால் அடித்தாள். ரத்தம் கசிந்தது. தங்கை கொதித்தெழுந்தார். தமக்கையோ காயத்தைக் கையால் மூடிக்கொண்டு, இதைப் பார்க்காதே என்று சொல்லித் தடுத்தார். இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் பெட்சிக்கு எளிதாக வந்த மன்னிப்பு, கொரிக்கு எளிதாக வரவில்லை. இதை அம்மையார் ஒளிக்கவில்லை. தம்மைப் புனிதவதியாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் அவர் எழுத்தை நம்பத் தோன்றுகிறது.

1944 டிசம்பர் 16-ஆம் நாள் பெட்சி மாண்டார். வயது 59. மாளுமுன் தங்கையிடம் திட்டங்கள் சொன்னார். போர் சிதைத்தவர்களுக்கு ஒரு வீடு அமைக்கவேண்டும். ஜெர்மனியிலும் ஓர் இல்லம் அமைக்கவேண்டும். இந்த இருட்டிலே நாம் கண்டதை உலகெங்கும் போய்ச் சொல்லவேண்டும் என்றார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர், எதிரியின் நாட்டையும் சேர்த்துக் குணப்படுத்தத் திட்டம் போட்டார்! அம்மாத இறுதியிலே கொரி விடுவிக்கப்பட்டார். அது அலுவலகத்திலே நேர்ந்த எழுத்துப் பிழை என்றும், தம் வயதுப் பெண்கள் அடுத்த வாரமே கொல்லப்பட்டனர் என்றும் பின்னர் அறிந்ததாக அவர் கூறுவார்.

அந்தக் குடும்பம் கொடுத்த விலை அத்துடன் முடியவில்லை. அண்ணன் மகன் கிக், முகாமிலே மாண்டான். சிறையிலே பற்றிய காசநோயால் அண்ணன் வில்லமும் 1946-இல் மறைந்தார்.

நீட்டிய கை

போர் முடிந்தது. 1945-லேயே புளூமெண்டால் என்ற ஊரிலே, முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கு இல்லம் திறந்தார் கொரி அம்மையார். நாஜிகளுக்குத் துணைபோய், ஊராரால் வெறுத்து விரட்டப்பட்ட டச்சுக்காரர்களுக்கும் தங்க இடம் தந்தார். தம்மைக் காட்டிக் கொடுத்தவனுக்கும், மன்னித்தேன் என்று கடிதம் எழுதினார். பிறகு ஜெர்மனி சென்றார். இடிந்த நகரங்களிலே, இடிந்த மனிதர்களிடையே பேசினார். டார்ம்ஷ்டாட் நகரிலே ஏதிலியருக்கு இல்லம் அமைவதற்கும் துணை நின்றார்.

1947-ஆம் ஆண்டு. மியூனிக் நகரில் ஒரு மாதாகோயிலின் கீழ்த்தளம். மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தார் அம்மையார். கூட்டம் பேச்சற்றுக் கலைந்தது. ஒரு மனிதன் மட்டும் எதிரே நடந்து வந்தான். மேலங்கி, கையிலே தொப்பி. பார்த்த மாத்திரத்திலே அம்மையாரின் குருதி உறைந்தது. அவன் ராவென்ஸ்புருக்கிலே காவலன்! பெண்கள் ஆடையின்றி வரிசையாக நடத்தப்பட்டபோது அங்கே நின்றவன். பெட்சியின் எலும்பெடுத்த உடல் அந்த வரிசையிலே நடந்தது அவர் கண்முன் வந்தது.

அவனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நான் அங்கே காவலனாக இருந்தேன், இப்போது மனம் மாறிவிட்டேன், உங்கள் வாயாலும் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன் என்றான். கையை நீட்டினான்.

அந்த நிமிடம், தோழர்களே, அந்த ஒரு நிமிடம்! சற்று முன்பு மேடையிலே மன்னிப்பைப் பற்றி மணிமணியாகப் பேசிய அதே பெண்மணி, கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றார். கை வரவில்லை! பேசிய பேச்சு பக்கத்திலேயே நிற்கிறது. கேட்டவன் எதிரிலே நிற்கிறான். நடுவிலே அக்காளின் பிணம் கிடக்கிறது. மன்னிப்பு என்பது மனத்தில் ஊறும் உணர்ச்சி அன்று, அது முடிவெடுத்துச் செய்யும் செயல் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கையையாவது உயர்த்துகிறேன், உணர்ச்சியை நீ கொடு என்று தம் கடவுளிடம் வேண்டிக்கொண்டார். மரக்கட்டைபோல் கையை நீட்டினார். தோளிலிருந்து விரல்வரை ஒரு வெம்மை பாய்ந்ததாகவும், கண்ணில் நீர் பெருகியதாகவும், முழு மனத்தோடு மன்னித்ததாகவும் எழுதுகிறார்.

இதை நான் ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்? மன்னிப்பு என்ற சொல் உலகிலே மிகவும் கெடுக்கப்பட்ட சொல். அடிபடாதவன், அடிபட்டவனைப் பார்த்து, போகட்டும் மன்னித்துவிடு என்கிறான்! பறித்தவன் பக்கத்திலே உட்கார்ந்துகொண்டு, பறிகொடுத்தவனுக்குப் பொறுமை போதிக்கிறான்! அது அறமல்ல, புண்ணிலே தேய்த்த உப்பு. மன்னிக்கும் உரிமை பட்டவனுக்கு மட்டுமே உண்டு. அதை அவனிடம் கட்டளையிட்டு வாங்க முடியாது. கடனாகக் கேட்கவும் முடியாது. கொரி அம்மையார் அந்தச் சொல்லைச் சொன்னபோது உலகம் ஏன் கேட்டது? அவர் பட்டவர். அது மட்டுமல்ல; அவர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. மன்னித்தேன் என்று சொன்னவர், கொடுமை நடக்கவேயில்லை என்று சொல்லவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக, மேடைக்கு மேடை, ராவென்ஸ்புருக்கின் பெயரைச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னார். முகாம் காவலர்கள்மீது ஹாம்பர்க் நகரிலே வழக்கு நடந்தது. நீதிமன்றம் அதன் கடமையைச் செய்தது. அம்மையார் தம் நெஞ்சின் கடமையைச் செய்தார். மன்னித்தவர் மறக்கவில்லை, உலகையும் மறக்க விடவில்லை.

எழுத்தும் பேச்சும்

போர் முடிந்த உடனேயே முகாம் வாழ்வைப் பற்றி டச்சு மொழியிலே எழுதத் தொடங்கினார். 1971-ஆம் ஆண்டு, ஜான், எலிசபெத் ஷெரில் என்ற தம்பதியரோடு சேர்ந்து ஆங்கிலத்திலே எழுதிய 'மறைவிடம்' என்ற நூல், உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. 1975-இல் திரைப்படமாகவும் வந்தது. 1967-இலேயே இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவு நிறுவனம், யூதரைக் காத்த பிற இனத்தாருள் ஒருவராக அவரைப் பாராட்டியது.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள்! ஐம்பத்து மூன்று வயதிலே தொடங்கிய பயணம், எண்பத்தைந்து வரை நிற்கவில்லை. சொந்த வீடில்லை, கைப்பெட்டிதான் வீடு. சிறைக்கூடங்களிலே பேசினார், தேவாலயங்களிலே பேசினார். அடுக்குமொழி கிடையாது அவரிடம். ஒரு பூவேலைத் துணியை எடுத்துப் பின்புறத்தைக் காட்டுவார். நூல்கள் தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். நம் வாழ்வு நமக்கு இப்படித் தெரிகிறது என்பார். திருப்பிக் காட்டுவார், அழகியதோர் மணிமுடி! அவ்வளவுதான் அவர் சொல்லணி. அந்த விளக்கத்தை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் அந்தத் துணியைப் பிடித்திருந்த கை எந்தக் கை என்பதை அறிந்தவர் எவரும் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

1977-இல் கலிபோர்னியாவில் குடியேறினார். அடுத்த ஆண்டே பக்கவாதம் தாக்கிற்று. பேச்சு போயிற்று! உலகெங்கும் பேசிய நா ஒடுங்கிற்று. ஐந்தாண்டுகள் பேச முடியாமலே கிடந்தார். 1983 ஏப்ரல் 15-ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளிலே, 91 வயது நிறைந்து மறைந்தார்.

ஹார்லெம் நகரத்து வீடு 1988 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கீழே கடிகாரக் கடை. மேலே அந்தப் படுக்கையறை. வந்தவர்கள் உள்ளே பார்க்கட்டும் என்று சுவரிலே ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் மூச்சடக்கி நின்ற இடம், ஓர் ஆள் தாராளமாகத் திரும்பக்கூட இடமில்லாத சந்து! பார்த்தவர்கள் வியக்கிறார்கள், இவ்வளவு சிறிய இடத்திலா என்று.

ஆம், இவ்வளவு சிறிய இடத்தில்தான். ஒரு கடைக்காரர் வீட்டிலே அவ்வளவுதான் இடம் இருந்தது. இருந்ததைக் கொடுத்தார்கள். மாளிகைகள் எத்தனையோ இருந்தன அந்த நாட்டிலே. அவற்றின் கதவுகள் மூடிக் கிடந்தன. அந்த மாளிகைக்காரர்களின் பெயரை இன்று யார் அறிவார்?